செயின் இல்லாத சைக்கிள்

ஒரு மனிதரை நான் சைக்கிளிலிருந்து இறக்கிவிட்டேன். கையால் தள்ளவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு வெடி லேபிளைப் போட்டு இறக்கினேன். பழி இன்னொருவர் மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து நான் சொல்லப்போவதில் கொஞ்சம் குதூகலம் இருக்கும். அதைப் பார்த்து நீங்கள் என்னை நல்லவன் என்று எண்ணிவிடக் கூடாது.

குதூகலத்துக்குக் காரணம், இந்த வயதில் நான் சைக்கிள் ஓட்டுகிறேன். முழங்கால் வலி என்று டாக்டரிடம் போயிருந்தேன். எடை பார்க்கச் சொன்னார். மேடையில் ஏறினேன். முள் ஒரு ஓட்டம் ஓடி, போக இடமில்லாமல் நின்றது. நடங்கள் என்றார். நடந்தால் வலிக்கிறது என்றுதானே வந்தேன் என்றேன். அப்படியானால் சைக்கிள் ஓட்டுங்கள், காலுக்குப் பதிலாகச் சீட்டு சுமக்கட்டும் என்றார்.

விருதுநகர் பஜாரில் ஒரு பழைய சைக்கிள் கடை. கடைக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை அளந்துவிட்டு, பளபளவென்று நின்ற புது வண்டிகளையெல்லாம் தாண்டி உள்ளே போய், இரட்டைக் குறுக்குக் கம்பி போட்ட ஒரு பழைய வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

“வத்தல் மூடை ஏத்துன வண்டி அண்ணாச்சி இது. நீங்க எம்புட்டு மூடை இருப்பீக?”

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அகலச் சீட்டு, அதற்கு அடியில் தடித்த ஸ்பிரிங்குகள், பின்சக்கரத்துக்குக் கனத்த கம்பிகள் எல்லாம் அவரே மாட்டித் தந்தார்.

கனத்த உடம்போடு சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாடெல்லாம் கிளம்பும்போதுதான். வாசல்படியில் ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தூக்கிப் போட்டு, சீட்டில் உட்கார்வதற்குள் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். நாலு மிதி மிதித்துவிட்டால் அப்புறம் நம் எடையே நமக்குத் துணை. ரயில்வே மேம்பாலத்தில் மூச்சு வாங்க ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, அந்தப் பக்கம் இறங்கினேன் பாருங்கள்! மிதிக்கவே இல்லை. சட்டை பின்னால் பறக்கிறது, காதில் காற்று இரைகிறது, கண்ணில் நீர் கட்டுகிறது, பாலத்தடிக் கிட்டங்கியில் அடுக்கிய வத்தல் மூடைகளின் காரம் மூக்கில் ஏறித் தும்மல் வருகிறது. தும்மிக்கொண்டே சிரிக்கிறேன். என்னைவிட முப்பது கிலோ குறைந்த பையன்கள் எல்லாம் எனக்குப் பின்னால் வருகிறார்கள். இறக்கத்தில் குண்டனை ஜெயிக்க ஆளில்லை.

சமதரைக்கு வந்ததும் சீட்டு ஸ்பிரிங் ‘கிறீச், கிறீச்’ என்று முனகியது. அந்தச் சத்தம் எனக்கு முன்பே தெரிந்த சத்தம். என் சிரிப்பு நின்றுபோனது.

படிப்பை முடித்த கையோடு நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வெடிப் பாக்கெட்டில் ஒட்டும் லேபிளுக்கு என்ன படம் போடலாம் என்று யோசித்துச் சொல்வது என் வேலை. சீசனுக்குச் சீசன் புதுப் படம் வேண்டும் என்பார்கள். கிளி, புலி, ரயில், கன்னத்தில் குழி விழும் குழந்தை. நான் சொல்ல, ஓவியர் வரைவார். அங்கே ஆர்டர் பிடிப்பவர் தங்கவேல் அண்ணாச்சி. நல்ல கனமான உடம்பு. மாதிரி லேபிள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பட்டாசுக் கம்பெனி கம்பெனியாக சைக்கிளிலேயே சுற்றுவார். கிறீச், கிறீச் என்று ஸ்பிரிங் சத்தம் கேட்டால் காவலாளி கேட்டைத் திறந்துவிடுவாராம். எல்லாக் கம்பெனியிலும் அவருக்குக் காப்பி உண்டு. பஸ்ஸில் போகலாமே என்று முதலாளி சொன்னதற்கு, பஸ்ஸில் என்ன இருக்கிறது, டிரைவரல்லவா ஓட்டுகிறான் என்றாராம்.

எனக்கும் அவருக்கும் திருத்தங்கலில்தான் ஜாகை. ஒரு நாள் காலை நல்ல எதிர்க்காற்று. ஈர்க்குச்சி போல இருந்த நான் எழுந்து நின்று மிதித்தும் வண்டி நகரவில்லை, பக்கவாட்டில்தான் போனது. பின்னாலிருந்து கிறீச், கிறீச். அண்ணாச்சி ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேட்டி நுனியை ஒதுக்கியபடி என்னைத் தாண்டினார்.

“எதுத்த காத்துல ஒல்லிப் பயதான் தம்பி தள்ளாடுவான். நமக்கு வெயிட்டு இருக்குல்லா!”

அவர் கேலியாகச் சொல்லவில்லை, சந்தோஷத்தில் சொன்னார். அதை அச்சகத்தில் போய் நடித்தும் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே எரிந்தது.

அந்தச் சீசனில் ஒரு கம்பெனியின் புது வெடிக்குப் படம் வேண்டியிருந்தது. நான் ஓவியரிடம் போய் ஒரு குண்டு மனிதர், தோளில் பை, சீட்டு நசுங்க சைக்கிளில் போகிறார், பின்னால் புகை கிளம்புகிறது என்று சொன்னேன். ஓவியர் தயங்கினார். வேட்டி நுனியை ஒதுக்கும் கையைக்கூட விடாமல் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வெடிக்குப் பெயரும் நானே வைத்தேன்: ‘சைக்கிள் பீரங்கி’. முதலாளி பார்த்து வயிறு குலுங்கச் சிரித்து, உடனே மெஷினில் ஏற்றச் சொன்னார்.

பிறகு அண்ணாச்சி எந்தக் கம்பெனிக்குப் போனாலும் “பீரங்கி வந்துட்டு” என்ற குரல்தான் முதலில் கேட்டது. தாள் ஒட்டும் பெண்கள் லேபிளை எடுத்து அவர் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவரும் சிரித்துச் சமாளித்தார். ஓவியரிடம் மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஓவியர் என்னைப் பார்த்தார். நான் ஒரு புரூப் தாளைப் பார்த்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் திருத்தங்கல் தெருவில் வெடித் தாள் கணுக்கால் வரை கிடந்தது. அண்ணாச்சி சைக்கிளில் வந்தார். கீழே பார்த்தார். அவர் வயிறு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், பை ஒரு பக்கம் என்று தெரு முழுக்கக் கிழிந்து கிடந்தார். இறங்கினார். அந்தக் குப்பை முடியும்வரை வண்டியை உருட்டிக்கொண்டே நடந்தார். அதைத் தாண்டிய பிறகும் அவர் ஏறவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தார். பொங்கலுக்குள் சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு, உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போய்விட்டார்.

இவ்வளவு காலமும் அதை ஒரு கேலி என்றுதான் எனக்கு நானே சொல்லிவந்தேன். பாலத்து இறக்கத்தில்தான் புரிந்தது, நான் அவரிடமிருந்து எடுத்தது இந்தக் காற்றை என்று.

விசாரித்தேன். வச்சக்காரப்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றார்கள். மகன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வேண்டாம் என்று விடியக் கிளம்பி, நாலுவழிச் சாலையின் ஓரமாகவே மிதித்துப் போனேன். இரண்டு இடத்தில் டீ, மூன்று இடத்தில் மூச்சு.

வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சர்க்கரை அவரை உருக்கியிருந்தது. அவருக்கும் என்னைத் தெரியவில்லை. அந்த ஈர்க்குச்சிதான் இது என்றால் யார் நம்புவார்? பெயரைச் சொன்னேன். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படம், பெயர், ஓவியர் மேல் விழுந்த பழி.

அண்ணாச்சி குனிந்து என் வண்டியின் செயினைப் பார்த்தார்.

“அந்தப் படத்துல செயின் இல்ல தம்பி. கவனிச்சீகளா?”

நான் கவனித்ததில்லை.

“பெடல் இருக்கு, சக்கரம் இருக்கு, செயின் இல்ல. குண்டன் மிதிக்கவே மாட்டான், புகையிலதான் போவான்னு வரைஞ்ச மாதிரி. நான் எம்புட்டு மிதிச்சிருப்பேன்.”

அவர் குரல் உயரவில்லை. ஓவியர் பாவம், அவர் செத்த வீட்டுக்குக்கூட நான் போகலியே என்றார்.

வண்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் கொண்டுபோன பரிகாரம் அதுதான். அவர் எழுந்து வந்து, என் தோளைப் பிடித்து ஏறினார். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது என் ஆசை. காற்று கொஞ்சம் வேகமாகத்தான் அடித்தது. ஹேண்டில் அவர் கையில் நிற்கவில்லை. பத்தடியில் காலை ஊன்றிவிட்டார்.

“தள்ளுது தம்பி. இப்ப நான்லா ஒல்லிப் பய.”

மகள் பதறிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி அவரைக் கையால் அமர்த்திவிட்டு, கேரியரில் உட்கார்ந்துகொண்டு, நீங்க மிதிங்க என்றார். ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போனோம். அவர் கை என் இடுப்பைச் சுற்றி எட்டவில்லை, சட்டையைத்தான் பிடித்துக்கொண்டார். ஒரு சிறு இறக்கத்தில் வண்டி தானாக ஓடியபோது பின்னாலிருந்து “விடுங்க, பிரேக்கை விடுங்க” என்றார். விட்டேன். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பு என்றுதான் வைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. வண்டியையும் வாங்கிக்கொள்ளவில்லை. கிளம்பும்போது, அடுத்த வாரம் வரும்போது கேரியருக்கு ஒரு மெத்தை போட்டுக் கொண்டுவரச் சொன்னார். போட்டேன். நாலைந்து வாரம் அப்படிச் சுற்றினோம். ஆடியில் ஒரு நாள் போனபோது நாற்காலி வாசலில் இல்லை. மகள் என்னைப் பார்த்ததும் அழுதார்.

படம் போட்ட அந்தத் தாள் லேபிள்கள் இப்போது கிடையாது. பெட்டியிலேயே அச்சாகி வருகிற பொம்மைகள்தான். திருத்தங்கல் சாலையில் அவருக்குக் கேட்டைத் திறந்த கம்பெனிகள் பாதி கல்யாண மண்டபமாகிவிட்டன. மெத்தையை நான் கழற்றவில்லை.

நாற்காலி இல்லாத அந்த வாசலிலிருந்து திரும்பி வரும்போது ஆடிக் காற்று நேர் எதிரில் அடித்தது. என்னைத் தாண்டிப் போக யாரும் இல்லை. நான் தள்ளாடவே இல்லை.