அக்கா ஓட வைத்திருந்த கார்

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், அவரின் தங்கையாகிய நான் எழுதுவது. அக்காவைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி என் பெறாமகள், அக்காவின் ஒரே பிள்ளை, கேட்டாள். எங்கே தொடங்கினாலும் எழுத்து அந்த வெள்ளைக் காரில் போய் நிற்கிறது. கடைசி ஆறு வருடங்களில் அக்காவின் உழைப்பும் கவலையும் அதற்குள்தான் இருந்தன. அதனால் அதை ஒதுக்கிவிட்டு எழுத என்னால் முடியவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து முத்தையன்கட்டுக் குடியேற்றத்துக்கு வந்த ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அவருக்குப் பின் அண்ணாவும் நானும். வாய்க்கால் கரையால் நடந்து போய்ப் படித்து ஆசிரியையானார். ஒட்டுசுட்டானில் வயல் செய்த அத்தானைக் கலியாணம் முடித்தார். இறுதி யுத்தத்தில் எல்லோரையும் போல எல்லாவற்றையும் விட்டு ஓடி, செட்டிகுளத்து முகாமில் கூடாரத்துக்குள் இருந்தபோதும், சுற்றியிருந்த பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்பித்தார். ஊருக்குத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. அதன்மேல் மறுபடியும் ஒரு வீடு எழுந்தது. இனி ஆறுதலாக இருக்கலாம் என்று நினைத்த காலத்தில்தான் அத்தானின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன என்றார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் வவுனியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் அக்கா பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத லீவு போட்டார். முதல் சில மாதங்கள் பஸ்ஸில் போய் வந்தார்கள். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது அத்தான் துவண்டு போவார். ஒருநாள் மாங்குளத்தில் பஸ் மாறும்போது நிலத்தில் விழுந்துவிட்டார். அருகில் நின்ற ஒருவர், "பட்டப்பகலிலேயே குடிச்சிட்டு வந்திட்டார் போல" என்றாராம். அத்தானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா அந்த மனிதரிடம், "அண்ணை, அவர் வருத்தக்காரன். ஒரு சோடாப் போத்தல் வாங்கித் தருவீங்களோ?" என்று கேட்டார். அவரும் வெட்கப்பட்டு ஓடிப்போய் வாங்கி வந்தார். அன்றைக்கே கார் வாங்குவது என்று அக்கா தீர்மானித்துவிட்டார்.

லண்டனில் இருக்கும் அண்ணா காசு அனுப்பினார். பழைய யப்பான் கார் ஒன்று வந்தது. அத்தானுக்குப் பார்வை மங்கியிருந்தபடியால் அக்காவே ஓட்டப் பழகினார். ஐம்பதை நெருங்கிய ரீச்சர் பள்ளிக்கூட மைதானத்தில் கார் பழகுவதைப் பார்க்க ஊர்ப் பெடியள் மதிலில் ஏறி இருந்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே பழகினார்.

வாங்குவதுதான் பெரிய செலவு என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அது பிழை. ஒயில் மாற்ற வேண்டும், பற்றரி மாற்ற வேண்டும், வரியும் காப்புறுதியும் கட்ட வேண்டும். ஒவ்வொரு கிழமையும் அவ்வளவு தூரம் ஓடுகிற பழைய கார், ஒன்றைத் திருத்தினால் இன்னொன்றைக் காட்டும். விடிய முதல் புறப்படும் பாதையில் யானை நிற்கும் என்பதால் முன் விளக்கு மங்கினாலும் தள்ளிப்போட முடியாது. பிறகு நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தது. பெற்றோல் வரிசை ஒருபக்கம். உதிரிப்பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வராமல் நின்றபோது, கழற்றி விற்கும் பழைய சாமானுக்கே புதியதின் விலையைக் கேட்டார்கள். அக்காவின் சம்பளம் மட்டும் அப்படியே இருந்தது.

நாலு ரயரும் ஒன்றாகத் தேய்ந்தபோது பசுமாட்டை விற்றார். அன்று அத்தான், "இஞ்சாரும், நாலு கால் போய் நாலு ரயர் வந்திருக்குது. பால் கறக்கத்தான் ஏலாது" என்றார். அக்கா சிரித்தார். பின்னேரம் வெறும் மாட்டுக் கொட்டிலைக் கூட்டிக்கொண்டு நின்றவரின் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

கராஜ் வைத்திருக்கும் தம்பி ஒருமுறை பிரேக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரீச்சர், முழுக்கத்தான் மாத்தோணும். ஆனா மெல்லமா ஓடினால் ஒரு மாதம் சமாளிக்கலாம்."

"எனக்குத் தெரியாமல் இருந்திருந்தா ஓடியிருப்பன் தம்பி. இப்ப சொல்லிப்போட்டீங்களே, இனி எப்பிடி அவரை ஏத்துறது?"

சாமான் வரும்வரை காரை அங்கேயே விட்டுவிட்டு, அத்தானைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார். அந்தக் கிழமைகளில் அத்தான் பட்ட பாட்டைப் பார்த்து நான் அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணா, "கார் வாங்கத் தந்தனான் தானே. இப்பவும் அதுக்கே காசு கேட்டால் நான் என்ன செய்யிறது? வித்துப்போட்டு ஓட்டோவில போகச் சொல்லு" என்றார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் குளிரில் இரண்டு வேலை செய்கிறவர். ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியா எவ்வளவு தூரம் என்பது அவருக்கு மறந்திருக்கலாம். அக்கா அதற்குப் பிறகு அண்ணாவிடம் எதுவும் கேட்கவில்லை. பின்னேரங்களில் ரியூஷன் வகுப்புத் தொடங்கினார். சனி, ஞாயிறும் படிப்பித்தார்.

வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாங்கிலில் காத்திருந்தவர், தன் கையை நீட்டி ஒருநாளாவது பிரஷர் பார்த்ததில்லை. தலையிடி என்றால் பிளேன்ரீ குடிப்பார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற அக்கா அப்படியே சரிந்து விழுந்தார். வீட்டில் அத்தான் மட்டும். கார் முற்றத்தில் நின்றது. முதல்நாள்தான் சேர்விஸ் செய்து, பெற்றோல் அடித்து வைத்திருந்தார். அது ஓடுவதற்கு ஒரு தடையும் இல்லை. அந்த வீட்டில் அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் உள்ளே நிலத்தில் கிடந்தார். அத்தான் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீதியில் நின்று, "ஆராவது வாங்கோ! ஆராவது கார் ஓடத் தெரிஞ்சாக்கள் வாங்கோ!" என்று கத்தியிருக்கிறார். அயல்வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். கடைசியில் தொலைபேசியில் அழைத்து அம்புலன்ஸ்தான் வந்து ஏற்றியது. ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை என்றார்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்ததாம். கனகாலப் பிரஷராம்.

செவ்வாய்க்கிழமை இறுதிக்கிரியை என்று முடிவானது. செவ்வாய் அத்தானின் ஆஸ்பத்திரி நாள். "நான் போகேல்லை. அவவை இதில கிடத்திப்போட்டு எப்பிடிப் போறது?" என்று பெட்டியின் கால்மாட்டில் இருந்துவிட்டார். பெறாமகள் தகப்பனின் முன்னால் குந்தி, "அப்பா, அம்மா ஒரு நாளும் தவற விடாததை அம்மாவுக்காக விடப்போறீங்களோ?" என்று கேட்டாள். அவர் எழும்பிச் சட்டை போட்டார். பள்ளிக்கூட வான் ஓடும் அயல்வீட்டுத் தம்பி அக்காவின் காரிலேயே அவரைக் கொண்டுபோய், கிரியை தொடங்க முதல் கொண்டுவந்து சேர்த்தார். பறை அடிக்கத் தொடங்கும்போது அத்தான் கையில் பஞ்சு ஒட்டியபடி வந்து அக்காவின் பக்கத்தில் இருந்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு இனி என்ன என்ற கதை வந்தது. பெறாமகள் கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து ஓட்டுகிறேன் என்றாள். அவளின் சம்பளம் நின்றால் காரை யார் ஓட வைப்பது? சம்பளம் வந்தால் காரை யார் ஓட்டுவது? எத்தனை பேர் கூடி யோசித்தும் அதற்கு வழி கிடைக்கவில்லை. முடிவில் அத்தானே சொன்னார்: "காரை வில்லுங்கோ. நான் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு அறை எடுத்து இருக்கிறன்."

சென்ற கிழமை செட்டிகுளத்திலிருந்து ஒரு பொடியன் மனைவியோடு வந்து காரைப் பார்த்தான். ஓட்டிப் பார்த்துத் திருப்தியாக இறங்கினான். "ஐயா, ஏதும் வேலை இருக்கோ?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டான்.

"கிளட்ச் கனநாளைக்கு நிக்காது. மழைக்குப் பின்கதவால தண்ணி உள்ள வரும். கை பிரேக்கை நம்பி ஏத்தத்தில விடாதையும்" என்றார் அத்தான்.

விலை குறைந்தது. அவர்கள் போன பின் பெறாமகள் அழுதுவிட்டாள். "ஏனப்பா எல்லாத்தையும் சொன்னனீங்கள்? அது உங்கட அறை வாடகையெல்லோ."

"கொம்மா ஆபத்தெண்டு தெரிஞ்சு ஒருநாளும் என்னை அதில ஏத்தேல்லை, பிள்ளை. அதுகளுக்குக் கைக்குழந்தை இருக்காம்."

அக்காவைத் தூக்கி ஏற்றிய அம்புலன்ஸ் பிள்ளைகளுக்கும், கடனுக்கும் காரைத் திருத்திக் கொடுத்த கராஜ் தம்பிக்கும், வான் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அத்தானைக் கொண்டுபோன அயல்வீட்டுத் தம்பிக்கும், அக்கா படிப்பித்த பிள்ளைகளுக்கும், வர முடியாமல் தொலைபேசியில் அழுத அண்ணாவுக்கும், சமைத்தும் சுமந்தும் எங்களோடு நின்ற எல்லோருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி.

அத்தானைப் பார்க்க விரும்புகிறவர்கள் இனி ஒட்டுசுட்டான் வீட்டுக்குப் போக வேண்டாம். அது பூட்டிக் கிடக்கும். வவுனியாவுக்கு வாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வர வேண்டாம். அந்த இரண்டு நாளும் அவர் விடிய எழும்பி, தனியே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்.