நான் முதல்ல சொன்ன சாட்சி தப்பு

ஆண்டவரை நம்பி வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். என் பேர் சாமுவேல். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துல, தேயிலை பெக்டரியில வேலை. இதுக்கு முன்னாடி ஒரு தடவ நான் சாட்சி சொல்லியிருக்கேன். அது தப்பான சாட்சி. அதைத் திருத்தத்தான் இன்னைக்கு நிக்கிறேன்.

எங்களுக்கு ஒரே மக, எஸ்தர். ஏழு வயசுல அவளுக்கு வலிப்பு வந்துச்சு. ஸ்கூல் படிக்கட்டுல விழுந்து நெத்தி கிழிஞ்சு தூக்கிட்டு வந்தாங்க. அப்புறம் மாசத்துக்கு ரெண்டு தடவ, மூணு தடவ. கிளினிக்ல தினமும் முழுங்கக் குளிசை குடுத்தாங்க. ஒரு நாளும் விடக்கூடாது, விட்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரு. குளிசை குடுத்தும் வலிப்பு முழுசா நிக்கல. தண்ணி பிடிக்கப் பீலிக்குக்கூட அவளைத் தனியா அனுப்ப மாட்டோம். அழுது அழுது எனக்கு ஜெபத்துல வார்த்தையே வராமப் போச்சு.

அந்த நேரத்துலதான் வெளியூர் ஊழியக்காரர் ஒருத்தர் எங்க லயத்து வீடுகளுக்கு வர ஆரம்பிச்சாரு. நல்லாப் பாடுவாரு. கண்ணை மூடி, ஆண்டவர் எனக்குக் காட்டுறாருன்னு சொல்லுவாரு. எஸ்தர் தலையில கை வெச்சு, இந்தப் பிள்ளை சுகமாயிட்டா, இனி மருந்தைத் தொட்டா அது அவிசுவாசம்னு சொன்னாரு. நான் நம்பிட்டேன். குளிசையைத் தூக்கிப் போடச் சொல்லி என் சம்சாரம் மேரிகிட்ட சொன்னேன். அவளும் சரிங்கன்னா.

ரெண்டு மாசம் வலிப்பே வரல. சந்தோஷத்துல எனக்குத் தரையில கால் நிக்கல. அவரு நடத்துற ஜெபக் கூட்டத்துல எந்திரிச்சு, மருந்து இல்லாம என் மக சுகமானான்னு சாட்சி சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. கீழ் லயத்து ராக்கம்மா அக்காவுக்குப் பிரஷர். என் சாட்சியைக் கேட்டுட்டு, அன்னைக்கோட அவங்களும் குளிசையை நிறுத்திட்டாங்க. அதை எங்கிட்ட பெருமையாச் சொன்னாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

அப்புறம் அந்த ஊழியக்காரர் என்னை வேற தோட்டங்களுக்கும் வரச் சொன்னாரு. பிள்ளைக்குத் தினமும் வலிப்பு வந்துச்சுன்னு சொல்லு, அப்பதான் ஜனங்க நம்புவாங்கன்னாரு. தினமும் வரலியே ஐயான்னேன். சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

வீட்டுக்கு வந்து, மருந்து வேணாம்னு வேதத்துலயே இருக்குன்னு அவரு சொல்லுவாரே, அந்த வசனத்தைத் தேடினேன். நான் அஞ்சாம் வகுப்புதான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு வாரம் தேடினேன், கிடைக்கல. கிடைச்சது வேற. அப்போஸ்தலர் கூட இருந்தவங்கள்ல ஒருத்தர் வைத்தியர்னு போட்டிருந்துச்சு. அடுத்த கூட்டத்துல ஊழியக்காரர்கிட்ட மரியாதையாத்தான் கேட்டேன்.

“ஐயா, அந்த வசனம் எந்த அதிகாரம்னு சொல்லுங்க. நானும் படிக்கணும்.”

அவரு முகம் மாறிப் போச்சு. “என்னைச் சோதிக்கிறவன் தேவனையே சோதிக்கிறான். உன் வீட்டுல சாவு விழும், பாத்துக்க.”

மறுநாள் காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி முழங்கால்ல நின்னேன். “ஆண்டவரே, நான் ஏமாந்திருந்தா காட்டுங்க. எனக்கு வெக்கமானாலும் பரவாயில்ல, என் பிள்ளையைக் காப்பாத்துங்க.” அவ்வளவுதான் கேட்டேன். மூணு நாள் அதையே கேட்டேன்.

மூணாவது நாள் காலையில ஜெபம் முடிச்சு எந்திரிச்சா, அடுப்புக்கிட்ட மேரி அழுதுக்கிட்டு இருந்தா. நான் ஜெபம் பண்ணினது அவ காதுல விழுந்திருக்கு.

“என்னங்க, கோவிக்காதீங்க. நான் குளிசையைத் தூக்கிப் போடவே இல்ல. தினமும் ரொட்டிக்குள்ள வெச்சுக் குடுத்தேன். அந்த ஐயா கை வெக்கிறதுக்கு முந்தின கிளினிக்ல டாக்டர் அளவைக் கூட்டுனாருல்ல, அதுக்கப்புறம்தான் நின்னுச்சு.”

எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்புறம் எஸ்தரைப் பாத்தேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டு நின்னா. என் பிள்ளை உயிரோட நின்னது அவ அம்மாவாலதான். மேரி கையைப் பிடிச்சுக்கிட்டு நானும் அழுதேன்.

உடனே ராக்கம்மா அக்கா ஞாபகம் வந்துச்சு. ஓடினேன். அக்கா ரெண்டு நாளா தலைவலின்னு சுருண்டு கிடந்தாங்க, ஒரு பக்கம் கை மரத்துப் போச்சுன்னாங்க. “அக்கா, நான் சொன்னது பொய். என்னை மன்னிச்சிருங்க, எந்திரிங்க”ன்னேன். ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பக்கவாதம்தான்னு டாக்டர் சிங்களத்துல சொன்னாரு. பத்து நாள்ல அக்கா நடந்து வீட்டுக்கு வந்தாங்க. இப்ப மலைக்குக் கொழுந்து எடுக்கப் போறாங்க.

அடுத்த கூட்டத்துல எல்லாரு முன்னாடியும் எந்திரிச்சு உண்மையைச் சொன்னேன். அந்த ஊழியக்காரர் பாதியிலயே கிளம்பிட்டாரு, அதுக்கப்புறம் வரல. எங்க வீட்டுல எந்தச் சாவும் விழல. எஸ்தர் இப்ப ஆறாம் வகுப்பு, பீலிக்குத் தனியாத்தான் போறா. காலையில ஜெபம் பண்ணிட்டுக் குளிசை போடுறா. ரெண்டும் ஆண்டவர் குடுத்ததுதான்னு அவளே சொல்லுவா.

இப்ப யாரு வந்து பிரசங்கம் பண்ணினாலும் நாங்க வேதத்தைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் கேக்குறோம். நல்ல மேய்ப்பர் கேள்விக்குக் கோவிக்க மாட்டாரு. பயங்காட்ட மாட்டாரு. பொய் சொல்லச் சொல்ல மாட்டாரு. உங்க மனசு உறுத்துச்சுன்னா அதை அமுக்காதீங்க. ஆண்டவர்கிட்ட நேராக் கேளுங்க. என்னை மாதிரி எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கே அவரு பதில் குடுத்தாரு. உங்களுக்கும் குடுப்பாரு.