வாசல் வரைக்கும் வந்த சோறு

நம்ம ஊருப் பொம்பளைககிட்ட "இன்னைக்கு என்ன சாப்பிட்டிய?"ன்னு கேட்டுப் பாருங்க. ஒருத்தியாவது தான் தின்னதைச் சொல்லுவாளா? ஆக்கினதைத்தான் சொல்லுவா. "புளிக்குழம்பு வச்சேன், அவரைக்கா பொரிச்சேன்"னுவா. கேட்டா நானும் அப்படித்தான் சொல்லுவேன்.

பாளையங்கோட்டையில ஒரு கல்லூரியில வேலை பாக்கேன். ஆத்தங்கரை ஊருகள்ல யாரு என்ன வெளைய வைக்காங்க, என்ன திங்காங்கன்னு பேட்டி எடுத்துக்கிட்டு அலைஞ்சேன். கல்லிடைக்குறிச்சி பக்கத்துல எங்க மதினி இருக்காவ, செத்துப்போன எங்க அண்ணன் பொண்டாட்டி. ஒத்தையா நின்னு நெல்லு போடுதாவ. வாயி இருக்கே, அது பஸ் ஏறாமலே தென்காசிக்குப் போயிட்டு வரும். அவியளையும் பேட்டி எடுத்தேன். கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி, அயிரை மீன் குழம்புன்னு பக்குவம் சொல்லச் சொல்ல எனக்கு எச்சி ஊறிட்டு. ஆளு மெலிஞ்சிருந்தாவ. கேட்டதுக்கு, "வெயிலு அப்படில்லா அடிக்கி"ன்னாவ.

வெறும் பேட்டி சப்புன்னு இருந்துச்சு. கேள்விக்குச் சொல்லாததைப் பாட்டுல சொல்லுவாங்கன்னு நெனச்சு, ஒரு சாயங்காலம் அந்தத் தெருப் பொம்பளைகளைக் கூட்டி வச்சேன். சாப்பாட்டைப் பத்தி ஆளுக்கு நாலு வரி, எப்படி வேணாலும் சொல்லுங்கன்னேன். ஒருத்தி மாமியாரைத் திட்டி வெண்டைக்காயைப் பாடினா. இன்னொருத்தி இட்லியைக் கொஞ்சினா. ஒரே சிரிப்பு. அப்புறம் மதினி எந்திரிச்சாவ.

"நட்டவ நான்தான், அறுத்தவ நான்தான்,
அவிச்சவ நான்தான், வடிச்சவ நான்தான்,
வாசல் வரைக்கும் வந்து நிப்பான்,
வா வான்னாலும் உள்ள வரான்."

எல்லாரும் விடுகதைன்னே நெனச்சுட்டாளுக. "கோவிச்சுக்கிட்ட மருமவன்!"னு ஒருத்தி கத்துனா. "ஏட்டி, தபால்காரன்!"னா இன்னொருத்தி. நானும் கூடச் சிரிச்சேன். சிரிப்பு அடங்குற வரைக்கும் மதினி காத்திருந்தாவ.

"சோறுதாம்ட்டி"ன்னாவ. "தொண்டைக்குழியில வந்து நிக்கி. எறங்க மாட்டேங்கு."

"எத்தனை நாளா?"ன்னேன்.

"நடவுக்கு முந்தியே தொடங்கிட்டு. முதல்ல சோறு நின்னுச்சு, பெறகு களி. இப்பம் கஞ்சித் தண்ணிதான் எறங்குது."

நடவு முடிஞ்சு, களை எடுத்து, அறுப்பும் முடிஞ்சு நெல்லு வீட்டுக்கு வந்தாச்சு! அம்புட்டு நாளும் பட்டினியா கெடந்துக்கிட்டா எனக்கு மீன் குழம்புக்குப் பக்குவம் சொன்னாவ? வந்துச்சு பாருங்க எனக்கு ஆத்திரம். "கோட்டி புடிச்சிருக்கா உங்களுக்கு? வாயைத் தொறந்து சொன்னா என்ன?"ன்னு அத்தனை பேரு முன்னாலயும் கத்திட்டேன். கத்தும்போதே கண்ணுல தண்ணி கொட்டுது.

"பயிரை நட்டுட்டு எவ போயி ஆஸ்பத்திரியில படுப்பா? சும்மா கத்தாதட்டி"ன்னாவ.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பாத்தாங்க, சதை எடுத்துச் சோதிச்சாங்க. புத்துநோய். மெட்ராஸ்ல இருக்க மகளுக்குப் போன் போட்டா, அவ "எங்கம்மா நல்லாத்தான சாப்பிடுவா, தினமும் என்ன சாப்பாடுன்னு எங்கிட்ட சொல்லுவாளே"ன்னு அழுதா.

டாக்டர் தன்மையான மனுசன். இனிமே தொண்டை வழியாச் சோறு போகாது, வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் வைக்கணும், அது வழியாத்தான் கஞ்சி ஊத்தணும்னு பையப் பைய எடுத்துச் சொன்னாரு. மதினி கேட்டாவ, "ருசி தெரியுமா?"

"தெரியாதும்மா."

மதினி குனிஞ்சு தன் வயித்தைப் பாத்தாவ. பெறகு எம்பக்கம் திரும்பினாவ.

"அப்பம் எனக்கு ரேஷன் அரிசிக் கஞ்சியே போதும்ட்டி. நம்ம வயலு அரிசியை மகளுக்கு அனுப்பிரு. அவளாவது ருசியாச் சாப்பிடட்டும்."