மேளத்துக்குச் சவரம்

ஒரு மேளத்துக்கு நான் சவரம் செய்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. வெளியே சொல்ல வெட்கம்தான். ஆனால் அதற்காக வாங்கிய அறையை நினைத்தால், வெட்கத்தை முந்திக்கொண்டு கோபம் வருகிறது.

ஆம்பூரில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அர்ஜென்டினாக்காரர் தங்கியிருந்தார். அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பில் புது மெஷின் பூட்ட வந்தவர். ஞாயிறு சாயங்காலமானால் எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அதில் வெள்ளைக் கைக்குட்டையை விரித்துவைத்து, மேளத்தைத் தட்டித் தன் ஊர்ப் பாட்டைப் பாடுவார். பாதியில் அழுதுவிடுவார்.

"பொண்டாட்டிய நெனச்சிப் பாடறாரு, அங்க போயி நிக்காத" என்பாள் அம்மா. நான் நம்பவில்லை. மேளத்தின் தோலில் கொத்துக் கொத்தாக ஆட்டு முடி இருந்ததே! தோலில் ஒரு முடிகூட நிற்காமல் பார்ப்பதுதான் அப்பாவின் வேலை. நின்றுவிட்டால் அன்று வீட்டில் யாரும் அவரிடம் வாய் திறக்க முடியாது. அப்படிப்பட்ட ஊருக்கு அரைகுறை மேளத்தோடு வந்துவிட்டவர், அவமானத்தில் அழாமல் என்ன செய்வார்?

அவர் இரண்டு நாள் சென்னைக்குப் போன சமயம், ஷாப்பிலிருந்து முடி கழற்றும் சுண்ணாம்புக் குழம்பு கொண்டுவந்து பூசி, சுத்தமாக வழித்தெடுத்தேன்.

திரும்பி வந்தவர் ஒரு தட்டுத் தட்டினார். இடிபோல முழங்கிய மேளம் தகர டப்பாவாகக் கத்தியது. அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மாடியில் பாட்டே இல்லை. இறந்துபோன மனைவி வளர்த்த ஆட்டின் தோலாம், அவள் கையால் கட்டிய மேளமாம். ஷாப்பு மேனேஜர் வந்து சொன்னார். அப்பா விட்ட அறையில் என் காது இரண்டு நாள் பாடியது. ஊரே முடி எடுத்துத்தான் சோறு தின்கிறது. நான் எடுத்தால் மட்டும் குற்றமா? இது எந்த ஊர் நியாயம்?

போன வாரம், இப்போது குடியிருக்கும் சத்துவாச்சாரி வீட்டில், மகளின் போனில் அர்ஜென்டினாப் பாட்டு ஒன்று பார்த்தேன். மேளமெல்லாம் முடியோடுதான் இருந்தது. அதனால்தான் அந்தக் கனத்த குரலாம். ஓர் ஆணும் பெண்ணும், ஒருவரையொருவர் தொடாமல், வெள்ளைக் கைக்குட்டையை வீசி வீசிச் சுற்றி ஆடினார்கள். காதல் ஆட்டமாம். மாடியில் இருந்தவர் அதை வியர்வை துடைக்க வைத்திருந்தார் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்த நாற்காலி காலியாக இருந்ததில்லை.

எண்பதைத் தாண்டிய அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து போனில் தெரிந்த மேளத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பவே கேக்கணும்னு இருந்தேன்டா. நடுவுல நல்லாத்தான் எடுத்திருந்த. ஓரத்துல அப்படியே வுட்டுட்டியே, இன்னா வேல அது?"