அடுப்பு இல்லாத அறை

போன வாரம், சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் வாட்ஸ்அப்பில் ஏழெட்டுப் படங்களை வரிசையாக அனுப்பினாள். எல்லாம் ஊட்டி. தோழிகளோடு மூன்று நாள் போகிறாளாம், தங்க இடம் பார்க்கிறாளாம். "எதும்மா நல்லாருக்கு? சீக்கிரம் சொல்லு, ரூம் பூடும்" என்று குரல்பதிவு வேறு. ஒரு அறையில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தேயிலைச் சரிவு தெரிந்தது. இன்னொன்று முழுக்க மரத்தால் இழைத்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்காவது ஒரு மூலையில் அடுப்பு தெரிகிறதா என்றுதான் தேடினேன். ஒன்றிலும் இல்லை. உடனே வயிற்றில் குபுகுபுவென்று பொறாமை மூண்டது. பெற்ற மகள் மேலேயா என்று கேட்காதீர்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்தப் பொறாமை எனக்கு அம்மா வழியில் வந்த சொத்து. அம்மாவுக்குத் தன் தங்கை மேல் இருந்தது.

அப்போது நான் ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தேன். மலைக்குப் போனால் எங்கே தங்குவது என்பதற்கு நட்சத்திரமும் கிடையாது, படமும் கிடையாது. கடைசியாகப் போய்வந்தவர் என்ன சொல்கிறாரோ அதுதான். எங்கள் சொந்தத்தில் முதலில் போய்வந்தது பாகூர் சின்னம்மா. அவள் வீட்டுக்காரர் சின்னத்தாவுக்கு அங்கே ஜவுளிக்கடை. சரக்கு கொண்டுவரும் ஈரோட்டுக்காரர் கொடைக்கானலில் ஒரு லாட்ஜ் சொல்ல, இவர்களும் கிளம்பிப் போய்விட்டார்கள். திரும்பி வந்த கையோடு சின்னம்மா பஸ் ஏறி வில்லியனூருக்கு வந்து, எங்கள் சமையல்கட்டு வாசப்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஏரியைப் பற்றி இரண்டு வார்த்தை, குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை, மீதி முழுக்க டீ.

"கதவத் தட்டி டீ குடுக்கறான்க்கா. படுக்கையிலயே உக்காந்துனு குடிக்கலாம்."

அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தாள். "டீ நல்லா இருந்துச்சா?"

"கழனித்தண்ணி மாறி இருந்துச்சி. ஆனா நான் போடலியே!"

அம்மா நிமிரவில்லை. அந்தச் சங்கரா மீனைத்தான் செதில் போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சின்னம்மா போனதும் என்னிடம், "இவ மூஞ்சிக்கு டீ கேக்குது" என்றாள். எனக்கும் சின்னம்மா மகள் மேல் கடுப்பு. குதிரை மேல் உட்கார்ந்து எடுத்த போட்டோவைப் பள்ளிக்கூடப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தாள் அவள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மலைப் பேச்சுதான். அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவுக்குக் கடைத்தெருவில் செருப்புக் கடை. கடையை மூடுவது என்றால் அவருக்கு உயிர் போகும். அம்மா விடவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மூன்று நாள் தன் கை அடுப்பைத் தொடக் கூடாது. லாட்ஜாகப் பாருங்கள் என்றாள். அத்தா நாலு பேரை விசாரித்துவிட்டு வந்து, ஊட்டியில் ஒரு வீடே வாடகைக்குக் கிடைக்கிறது என்றார். சமையல்கட்டு உண்டாம்.

"லாட்ஜுன்னா எப்டி அறுக்கறானோ, இன்னா எண்ணெ ஊத்தறானோ. வூடா எடுத்தா நம்ம கையால ஆக்கி ஹலாலா சாப்புடலாம்."

நம்ம கை என்று அவர் சொன்னது அம்மாவின் கையை.

"மூணு நாளு சாம்பார் சோறு தின்னா செத்தா பூடுவோம்?" என்று கேட்டாள் அம்மா. அத்தா மறுநாளே முன்பணம் அனுப்பிவிட்டார்.

மண்ணெண்ணெய் வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் ஊட்டி ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு ஊட்டி என்றால் தைல வாசனை. எங்கள் வேனில் பின்சீட்டுக்கு அடியில் பம்ப் அடுப்பு, மண்ணெண்ணெய் டின், அரிசி மூட்டை, மிளகாய்த்தூள், போதாததற்கு நல்லவாடு கடற்கரையில் வாங்கிய கருவாடு. கொண்டை ஊசி வளைவில் டின் ததும்ப, கருவாடும் மண்ணெண்ணெயும் சேர்ந்து அடித்த வாசனையில் நானும் தம்பியும் மாறி மாறி வாந்தி எடுத்தோம். அம்மா மட்டும் அசையாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபம் இருந்தால் வாந்தி வராது போலிருக்கிறது.

வீடு நன்றாகத்தான் இருந்தது. சமையல்கட்டில் ஒரு ஜன்னல், அதற்குள் அடங்குகிற அளவுக்கு ஒரு மலை. அம்மா பார்த்த ஊட்டி பெரும்பாலும் அதுதான். நாங்கள் படகில் போனோம், ரோஜாத் தோட்டம் போனோம். ஒவ்வொரு முறையும் "நீங்க போய்ட்டு வாங்க, நான் சோறு வடிச்சி வெக்கறேன்" என்பாள்.

இரண்டாம் நாள் காலை அத்தா உலாவப் போனவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். தெரு முனையிலேயே ஒரு பாய் ஓட்டல் இருக்கிறதாம். "உள்ளாரயே போயி பாத்துட்டேன். சுத்தபத்தமா அறுக்கறாங்க. பாயா எப்டி இருந்துச்சி தெரியுமா!"

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "அப்ப இனிமே அங்கயே சாப்புட்டுக்கலாமா?"

அத்தா உண்மையிலேயே திகைத்துப் போனார். "எடுத்தாந்த அரிசிய இன்னா பண்றது?"

அம்மா மறுபடி வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினாள். அன்று பகல் சாப்பாட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு. எல்லாரும் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டோம், நான் உட்பட. குழம்பு அவ்வளவு நன்றாக இருந்ததுதான் அம்மாவின் துரதிர்ஷ்டம்.

ஊர் திரும்பிய வெள்ளிக்கிழமையே சின்னம்மா வந்துவிட்டாள். அதே வாசப்படி. ஜும்மா முடிந்து வந்த அத்தா தொப்பியைக்கூடக் கழற்றாமல் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டிக்கா இருந்துச்சி ரூம்பு?"

அம்மா சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "அத ஏன் கேக்கற. காலங்காத்தாலயே கதவத் தட்டிடறான். டீ. கூடவே பிஸ்கோத்து."

பேப்பர் கீழே இறங்கியது. அத்தா வாயைத் திறந்தார். அம்மா அவர் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பேப்பர் மறுபடி மேலே போனது. தம்பி ஏதோ சொல்லப் போனான், நான் அவன் தொடையில் கிள்ளினேன்.

"பிஸ்கோத்தா?" என்றாள் சின்னம்மா. அவள் முகம் சுருங்கிய சுருக்கம் இருக்கிறதே, ஊட்டி போய்வந்ததற்கு அம்மாவுக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான். அன்று ராத்திரியே, அக்காவுக்குப் பிஸ்கோத்தோடு கொடுத்தான், நமக்கு வெறும் டீதானே என்று பாகூரில் சண்டை நடந்ததாகக் கேள்வி.

அம்மா அப்புறம் மலை ஏறவில்லை. சின்னம்மா ஏற்காடு போனாள், மூணாறு போனாள், ஒவ்வொரு தடவையும் ஊருக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக எங்கள் வாசப்படிக்கு வந்தாள். அம்மாவும் எரிந்துகொண்டே ஒன்று விடாமல் கேட்பாள். எனக்கும் கல்யாணம் ஆயிற்று. நானும் போனேன் ஊட்டிக்கு, காஸ் அடுப்போடு. என் வீட்டுக்காரருக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. வேறென்ன சொல்ல?

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு முதல் தடவையாக, இந்தப் பெருநாள் விடுமுறையில் சின்னம்மாவை அவள் மகன் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனான். பெரிய ரிசார்ட், சாப்பாட்டுக்கு மேசை நீளத்துக்கு முப்பது வகையாம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தத் தடவை அவள் வரவில்லை என்பதால் நானே பாகூருக்குப் போனேன். சின்னம்மா கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்டி இருந்துச்சி சின்னம்மா?"

"இருந்துச்சி."

"ரூம்பு?"

"பெருசு."

"இன்னா சின்னம்மா, ஒன்னுமே சொல்ல மாட்டேங்கற?"

டிவி சத்தத்தைக் குறைத்தாள். "யாருகிட்டடி சொல்றது? மலைய வுட்டு எறங்கனதுலேர்ந்து இத எப்டி அக்காகிட்ட எடுத்து வுடலாம்னு ஒவ்வொன்னா சேத்து வெச்சினு வந்தேன். ஊரு கிட்ட வந்து கரியமாணிக்கம் தாண்டறப்பதான் நெனப்பு வந்துச்சி, அக்கா இல்லியேன்னு."

"நான் இருக்கேன்ல. எனக்கும்தான் வயிறு எரியுது. சொல்லு" என்றேன்.

சின்னம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒனக்கு எரிஞ்சி எனக்கு இன்னாடி ஆவப்போவுது?" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டாள்.