தடா தாத்தாவின் பலகைகள்

ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கிற வரை அவர் சுத்தியலைத் தொடமாட்டார். காதிடுக்கில் பென்சில், உதட்டிடுக்கில் ஆணி, ஒரு கண் மூடியிருக்கும். பலகை கோணினால் சட்டமும் கோணிவிடும் என்பது அவருடைய கட்சி. எங்கள் நாலு மாடிக் குடியிருப்புக்கு அவர்தான் செயலாளர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை. அந்தப் பாவத்தை இப்போது எல்லோரும் பங்கு போட்டு அனுபவிக்கிறோம்.

வெள்ளைத் தகட்டில் சிவப்பு எழுத்து. வாசலில் பந்து விளையாடுவது புரொஹிபிட்டட். கைப்பிடிச் சுவரில் துணி காயப்போடுவது புரொஹிபிட்டட். புறாவுக்குத் தீனி போடுவதும் அப்படியே. புறாக்கள் இன்னும் வாசித்ததாகத் தெரியவில்லை. யாரோ ஒரு வாண்டு பலகை ஒன்றுக்கு மீசை வரைந்துவிட, அன்றிலிருந்து ஒவ்வொரு பலகைக்கும் கீழே ஒரு குட்டிப் பலகை முளைத்தது: இந்தப் பலகையைத் தொடுவது புரொஹிபிட்டட். பிள்ளைகள் அவருக்குத் தடா தாத்தா என்று பெயர் வைத்தார்கள். அதற்குத் தடை போட அவருக்கு இன்னும் சுவர் கிடைக்கவில்லை.

வெடிமருந்துத் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒருவன் தீக்குச்சி கிழித்தால் ஊரே போய்விடுமாம். இங்கே வெடிக்கிற சரக்கு எங்கள் வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும்தான். ஆனாலும் மனிதர் காவலைத் தளர்த்தவில்லை.

ஏன் எப்போதும் அந்த ஒரே சொல் என்று ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். காய்கறிப் பையோடு என்னை நிற்கவைத்து வகுப்பே எடுத்துவிட்டார்.

"ஃபர்பிட்ங்கறது வீட்டுக்குள்ள. அப்பா புள்ளைகிட்ட சொல்றது. பேன்ங்கறது பேப்பர்ல வர்ற தடை, நாலு நாள்ல எடுத்துருவாங்க. புரொஹிபிட்டட்னா யார் சொன்னாங்கன்னே தெரியாதும்மா. சுவரே சொல்லுது. சுவர்கிட்ட யார் போய்ச் சண்டை போடறது?"

தமிழில் எழுதினால் ஆகாதா என்றேன். 'கூடாது' என்று எழுதினால் 'ஏன் கூடாது' என்று கேட்பார்களாம்.

போன மழைக்காலத்தில், எங்கள் வாசலுக்கு எதிரே இருக்கிற படித் திருப்பத்திலும் ஒரு பலகை வந்தது. படியில் உட்காருவது புரொஹிபிட்டட். இளவட்டங்கள் அங்கே உட்கார்ந்து மணிக்கணக்கில் போன் பேசுகிறார்கள் என்பது காரணம். மறுநாளே மூட்டுவலிக்கார மாமியார் கடைக்குப் போய்த் திரும்பும்போது அங்கே உட்கார்ந்துவிட்டார். தடா தாத்தா பலகையைக் காட்டி, மரியாதையாகத்தான், எழுப்பிவிட்டார். சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார். என் ஆயுளில் மாமியார் பக்கம் நின்று நான் சண்டை போட்டது அன்றைக்கு மட்டும்தான். சுவரிடம் போட்ட சண்டை. அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று.

அவர் மனைவி அதிர்ந்து பேசாதவர். பலகைக்குச் சிவப்புச் சாயம் கலக்குவது, ஏணியைப் பிடிப்பது, கணவர் இறங்கியதும் விரல் நகத்தில் ஒட்டிய சாயத்தை மண்ணெண்ணெயால் துடைத்துவிடுவது எல்லாம் அவர்தான். இந்தக் கட்டடத்தில் அத்தனை பலகைக்கும் கட்டுப்பட்டு நடக்கிற ஒரே ஜீவனும் அவர்தான். திடீரென்று நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது, படி ஏறாமல் இருப்பது நல்லது, ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் இடையிடையே உட்கார்ந்து ஏறவேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் பழுதாகி, உதிரிபாகத்துக்காகக் காத்துக் கிடந்தது.

அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது எங்கள் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. திருப்பத்துக்கு வந்ததும் அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு வெளுத்திருந்தது. மூச்சு வாங்குவது எங்கள் கூடம் வரை கேட்டது.

"உக்காரு," என்றார் தடா தாத்தா.

அந்த அம்மா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "போர்டு போட்டிருக்கீங்களே."

"அது மத்தவங்களுக்கு."

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று என் மாமியாரை எழுப்பிவிட்டவர்தான் இதைச் சொன்னார். பழிக்குப் பழியாக நாக்கு நுனியில் நான் ஒரு நல்ல வாக்கியம் வைத்திருந்தேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன்.

"மத்தவங்க பாத்தா உங்களத்தான பேசுவாங்க," என்று சொல்லி, அடுத்த படியில் கால் வைக்கப் போனார். கால் எழவில்லை. என் மாமியார் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, "உக்காரும்மா, யாரு என்ன சொல்லப்போறாங்க," என்றார். அதற்கும் அவர் உட்காரவில்லை. கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தடா தாத்தா ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு சுவரோரம் போய், பெரிய பலகையும் குட்டிப் பலகையும் சேர்ந்து மறைகிற மாதிரி முதுகை அதன்மேல் அழுத்திச் சாய்ந்தார்.

"இப்ப உக்காரு."

அந்த அம்மா உட்கார்ந்தார். மேலேயிருந்து யாரோ செருப்புச் சத்தத்தோடு இறங்கி வந்தார்கள். தடா தாத்தா நகரவில்லை. ஓர் எழுத்துக்கூட வெளியே தெரியாதபடி தோளைக் கொஞ்சம் அகட்டிக்கொண்டார்.