டிவி நீதிமன்றத்தில் ஒரு போட்டோக்காரர்

பதினோரு வருடமாக டெக்சஸில் குடியேறிகள் தடுப்பு முகாம் ஒன்றில் காவலராக இருக்கிறேன். பிறந்ததும் இங்கேதான், எல்லையோரம். வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். விசாரணை நாளில் ஆளைக் கூட்டிவந்து, சின்ன அறையில் டிவி முன்னால் உட்காரவைத்து, ரிமோட்டை அமுக்குவது என் வேலை. நீதிபதி, வக்கீல்கள், மொழிபெயர்ப்பாளர் எல்லாரும் இருநூறு மைல் தள்ளி நகரத்தில் இருப்பார்கள். இந்தப் பக்கம் அந்த ஆளும் நானும்தான்.

வந்தவர்களின் பெயரெல்லாம் மறந்துபோகும். அடாலித் புஸ்தில்லோ மறக்கவில்லை. ஹோண்டுராஸ்காரர், நாற்பத்தேழு வயது. ஊரில் ஸ்டூடியோ வைத்து, அடையாள அட்டைக்கும் கல்யாணத்துக்கும் படமெடுத்தே தலை நரைத்தவர். சும்மா இருந்திருக்கலாம். விவசாயிகளை நிலத்தைவிட்டு அடித்து விரட்டிய மேயரின் ஆட்களைப் படமெடுத்துத் தொலைத்தார். பாவிகள் அவரைக் கட்டிப்போட்டு, முதுகில் சுடச்சுட இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டார்கள். திருப்பி அனுப்பினால் ஆள் பிணம். அடைக்கலம் கிடைத்தால், ஹூஸ்டனில் ஹோட்டல் அறை துடைக்கும் மனைவி நிடியாவிடம் போய்ச் சேரலாம்.

முதல் விசாரணை நாசமாய்ப் போனது. "பதில் சொல்றப்ப என் முகத்தைப் பாக்கவே மாட்டேங்கிறீங்க. தரையைப் பாத்துட்டே பேசுறீங்க" என்றார் நீதிபதி. அரசு வக்கீலுக்கு அது போதாதா? முதுகில் இருப்பது சூட்டுத் தழும்பு என்று டாக்டர் கொடுத்த கடிதத்தையும் நம்ப முடியாது என்றார். அடாலித் சட்டையைக் கழற்றித் திரும்பிக் காட்டினார். திரையில் ஒன்றும் தெரியவில்லை. "வெறும் முதுகுதான் தெரியுது" என்றார் அரசு வக்கீல். மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள்.

டிவியை அணைக்கப் போனேன். "இருங்க ஆபீஸரம்மா, அந்தப் பக்கம் என்னை எப்படித் தெரியுது?" என்று கேட்டார்.

திரை மூலையில் நம் படமும் சின்னதாக வரும். அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்றாவி. கேமராவைக் கூரைகிட்ட மாட்டிட்டு, டிவியை என் முழங்காலுக்கு நேரா வச்சிருக்காங்க. நான் ஜட்ஜய்யா முகத்தைத்தாம்மா பாத்தேன். அவருக்குத் தரையைப் பாக்கிற மாதிரி தெரிஞ்சிருக்கு. இப்படி ஒரு படம் எடுத்துக் கொடுத்தா, எங்க ஊர்ல மூஞ்சியிலயே விட்டெறிவாங்க. இதுல எத்தனை பேரை உக்கார வச்சிருக்கீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "நானாய்யா மாட்டினேன்? வந்த வேலையைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடக் கொண்டுவந்த டாக்கோவைப் பிரிக்கவே இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பொய்யன் என்று பேர் வாங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ. நானும் கல்லுச் சிலை மாதிரிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே.

அடுத்த விசாரணையில் எடுத்த எடுப்பிலேயே அவர் பேசினார்.

"ஐயா, நான் போட்டோக்காரன். உங்க முகம் கீழே இருக்கு, என்னைப் பாக்கிற கேமரா மேலே இருக்கு. உங்க முகத்தைப் பாத்துப் பேசினா நான் திருடனாத் தெரியறேன். கேமராவைப் பாத்துப் பேசினா உங்க முகம் எனக்குத் தெரியாது. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

நீதிபதி திரையை உற்றுப் பார்த்தார். பிறகு, "கேமராவைப் பாருங்க. போன தடவை நான் சொன்னதை நானே வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார்.

அரசு வக்கீல் விடுவாரா? "அப்ப தழும்பு எங்கே?" என்றார்.

"நேர் வெளிச்சத்துல தழும்பு தெரியாதுங்க. பக்கவாட்டுல வெளிச்சம் விழணும். ஆபீஸரம்மா இந்த ட்யூப்லைட்டை அணைச்சுட்டு, அந்தக் கதவைத் திறந்தாப் போதும்."

விசாரணை நடக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது. நான் திரையைப் பார்த்தேன். "திறங்க" என்றார் நீதிபதி. விளக்கை அணைத்துக் கதவைத் திறந்தேன். "இன்னும் கொஞ்சம். ரொம்பப் போச்சு. ஆங், அப்படியே நில்லுங்க" என்று, ஸ்டூடியோவில் உதவியாளை விரட்டுவதுபோல் என்னை விரட்டினார். நடைபாதை வெளிச்சம் பக்கவாட்டில் அவர் முதுகில் விழுந்தது. திரை மூலையில் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியின் கூர்முனை, அகன்ற அடிப்பாகம், நீராவித் துளைகள்கூட வரிசையாக, அப்படியே பதிந்திருந்தன. அரசு வக்கீல் தன் பக்கத்துத் திரைக்கு அருகில் வந்து பார்த்தார். வேறு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார்.

நான் கதவைச் சாத்தி, விளக்கைப் போட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். பிறகு நீதிபதியும் வக்கீல்களும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனார்கள். அந்தப் பேச்சை யாரும் மொழிபெயர்க்க மாட்டார்கள். அவரிடம் கேட்பதும் அவர் சொல்வதும் மட்டும்தான் மொழிபெயர்ப்பில் வரும். தன் உயிரைப் பற்றிய பேச்சு புரியாமல், சட்டைப் பித்தானைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார் அடாலித்.

"என்னம்மா சொல்றாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

காவலர் வாயே திறக்கக் கூடாது. வேலை போனாலும் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"அடைக்கலம் கொடுத்தாச்சு. அரசு வக்கீல் மேல்முறையீடும் வேண்டாம்னுட்டார். ஜெயிச்சுட்டீங்கய்யா."

மைக் அணைக்காமல் இருந்திருக்கிறது. நகரத்தில் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள்.

"யார் பேசினது?" என்றார் நீதிபதி.

எழுந்து நின்றேன். "காவலர் ஹெர்லிண்டா, ஐயா. அவருக்குத் தீர்ப்பைச் சொன்னேன்."

நீதிபதி மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினார். "அந்தம்மா சொன்னது சரிதான்னு அவருக்குச் சொல்லுங்க. இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்னும் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் அடாலித் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். ஆனந்தத்தில் நானும் அழுதேன், கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே.